அக்கா எடுத்த பதினைந்து பேர்

14 அக்டோபர்

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். தெரியட்டும்.

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அம்மா மூலம் தூது விடாதே. போன் வெளிச்சம் வேறு கண்ணைக் குத்துகிறது, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். திட்டுவதற்குத் தாள்தான் வசதி. நீ குறுக்கே பேச முடியாது.

ரக்பிப் போட்டி முடிந்த மறுநாள் உன் பத்திரிகையில் அரைப் பக்கம்: 'இந்தப் போட்டியின் சிறந்த பதினைந்து பேர்.' பதினாறு நாட்டுப் பெண்கள் அணிகளிலிருந்து நீ பொறுக்கி எடுத்தது. ஏழு பத்திரிகைகளும் இரண்டு டிவிகளும் இதே மாதிரி பட்டியல் போட்டன. எல்லாவற்றிலும் ஒன்பதாம் எண்ணில் நான். கூடப் பிறந்தவள் போட்ட பட்டியலில் மட்டும் நான் இல்லை.

ஒன்பதாம் எண் என்றால் என்னவென்று ரக்பியே பிடிக்காத அம்மாவுக்குக்கூடத் தெரியும். முன்னால் நிற்கும் எட்டுப் பேர் முட்டி மோதிப் பந்தை எடுத்துப் போடுவார்கள். அதை முதலில் கையில் எடுத்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்பவள் ஒன்பது. காலிறுதியில் கடைசி நிமிடத்தில் பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தது யார்? நம் நாடு முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது யாரால்? அன்றைக்குக் கேலரியில் நீ நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாயே, அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

எடுக்கவில்லை என்றால் எடுக்காமலே போ. அந்த ஒரு வரி எதற்கு? 'காலிறுதியில் நாயகி, அரையிறுதியில் அவசரக்காரி. இந்த இடத்துக்கு அவசரம் ஆகாது.' இப்போது என் பஸ்ஸில் ஏறுகிறவன் எல்லாம் அதைத்தான் சொல்கிறான். நேற்று ஒரு பெரியவர் படியில் நின்றுகொண்டு, "அவசரக்காரி, பாத்து ஓட்டும்மா" என்கிறார். பஸ்ஸே சிரித்தது. நடத்துனரும் சிரித்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதில் யாரை எடுத்தாய்? எங்களை அரையிறுதியில் தோற்கடித்த அணியின் ஒன்பதை. அவள் பந்து வீசுகிற பாஸ் நல்ல வேகமாம். போகட்டும், பதினொன்றில் அந்த நெட்டையை எடுத்தாயே, அவளுக்கு இடது பக்கம் வருகிற பந்தைப் பிடிக்கவே வராது. ஆட்டத்தைத்தான் பார்த்தாயா, அல்லது பக்கத்து நிருபருடன் கதை பேசிக்கொண்டிருந்தாயா?

காரணம் எழுது. சொந்தத் தங்கையை எடுத்தால் ஊர் பேசும் என்று பயந்தாய் என்றால் அதையாவது நேராகச் சொல்.

உன் தங்கை (அதை மாற்ற முடியவில்லை)


18 அக்டோபர்

தங்கைக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில், எல்லோருக்கும் முன்னால் பிரித்துத் தொலைத்தேன். உதவி ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

முதலில் நெட்டை. ஆறு ஆட்டங்களில் ஏழு முறை கோட்டைத் தாண்டியிருக்கிறாள். அவள் எந்தக் கையால் பிடிக்கிறாள் என்று எதிரணி கவலைப்படட்டும். அந்த இடத்தில் நான் எடுத்த முடிவு சரி.

ஊர் பேசும் என்று நான் பயப்படவில்லை. பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நீ தகுதியானவள் என்றால் பெரிய எழுத்தில் போட்டிருப்பேன். எவன் கேட்டாலும் பதில் சொல்லியிருப்பேன்.

உன் கடிதத்தில் நீ என்னைத் திட்டியது எதுவும் என்னை உறுத்தவில்லை. ஒரே ஒரு வரிதான் உறுத்தியது. போன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். ஆட்டம் முடிந்து எத்தனை நாள் ஆகிறது? இன்னும் குத்துகிறதா?

எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அரையிறுதியின் இரண்டாம் பாதி தொடங்கிய உடனேயே எதிரணிக்காரியின் முழங்கால் உன் நெற்றிப்பொட்டில் இடித்தது. நீ எழுந்திருக்க எட்டு வினாடி ஆனது, எண்ணினேன். வெளியே கூட்டிப் போனார்கள். பத்து நிமிடத்தில் சோதனையில் தேறித் திரும்பி வந்துவிட்டாய். அதற்குப் பிறகு விளையாடியது நீ இல்லை. ஐந்து நிமிடம் கழித்து ஆளே இல்லாத இடத்துக்குப் பந்தை வீசினாய். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடினார்கள். நான்கு புள்ளியில் தோற்றோம்.

அந்தச் சோதனையில் நீ எப்படித் தேறினாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வருடத் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு சோதனை வைத்து அளவு எடுத்துக்கொள்வார்கள். மண்டையில் அடிபட்டால் அந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதலிலேயே வேண்டுமென்று தப்பும் தவறுமாகச் சொல்லி வைத்தால் பிறகு எவ்வளவு அடிபட்டாலும் தேறிவிடலாம். டாக்டரை ஏமாற்றினாய். அணியை ஏமாற்றினாய். அரைகுறைத் தலையோடு மைதானத்தில் நின்று பதினான்கு பேரின் அரையிறுதியைக் கெடுத்தாய். இப்படிப்பட்டவளை நான் சிறந்தவள் என்று எழுத வேண்டுமா?

உடனே டாக்டரிடம் போ. இந்தத் தலையோடு பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா?

அக்கா


21 அக்டோபர்

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை, எழுத்து நீந்துகிறது. ஆனால் படித்து முடித்தேன்.

ஆக, நீ பார்த்தாய்.

எட்டு வினாடி எண்ணினாயாம். எனக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதே உனக்குத் தெரியும். நிருபர்களின் வரிசைக்கும் எங்கள் அணி டாக்டரின் பெஞ்சுக்கும் நடுவில் என்ன கடலா இருந்தது? ஒரு இடுப்பளவுக் கம்பி வேலி. இருபது அடி. எழுந்து வந்து, "டாக்டர், அவ பொய் சொல்றா, வெளிய எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா? வாய் இல்லாவிட்டாலும் கை இருந்தது. அந்தக் கையால் பிறகு 'அவசரக்காரி' என்று தட்டினாய்.

நான் ஏமாற்றினேன். ஆமாம். இல்லை என்று சொல்லவில்லை. அந்த வித்தையை எனக்கு யார் சொல்லித் தந்தது? உன் முட்டி போய் நீ ரக்பி ஆடுவதை நிறுத்திய வருடம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாய். "வருஷ ஆரம்பத்துல மக்கு மாதிரி நடிச்சுடணும். அப்புறம் டாக்டரால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது" என்று. அம்மாகூடச் சிரித்தாள். எனக்குப் பதினாறு வயது. மாசங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் ஆகஸ்டை விட்டுவிடு என்று நீ சொன்னாய். இந்த வருடம் நான் ஆகஸ்டைத்தான் விட்டேன்.

வித்தை உன்னுடையது. நான் மாட்டிக்கொண்டதும் உனக்கு நியாயம் பொத்துக்கொண்டு வருகிறது.

இன்னொன்று. இரண்டாம் பாதி எனக்கு நினைவில்லை. நான் வீசிய அந்தப் பந்தை டிவியில்தான் பார்த்தேன், வேறு யாரோ வீசுவதைப் பார்ப்பது போல. இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்வதாக இல்லை, கோபத்தில் வந்துவிட்டது.

டாக்டரிடம் போக மாட்டேன். வெளிநாட்டு கிளப் ஒன்று இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. மார்ச்சில் சேர வேண்டும். டாக்டர் ஒரு வார்த்தை எழுதினால் அது போச்சு. உனக்குத்தான் எதிலும் ஒரு வரி எழுதாமல் இருக்க முடியாதே, இதிலாவது வாயை மூடிக்கொண்டிரு.


25 அக்டோபர்

தங்கைக்கு,

ஆகஸ்ட் விஷயத்தை நான் மறந்தே போயிருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்ததும் நினைவு வந்தது. அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டைகூட நினைவு வந்தது.

எழுந்து வர வாய் இல்லையா என்று கேட்டாய். பதிலை நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். பத்திரிகைக்காரி குறுக்கிடக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதினேன், அது பொய். நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்று பயந்தேன் என்று ஒரு பக்கம், அது பாதிப் பொய். உண்மை இதுதான்: அப்போது நாம் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். உனக்குப் பதிலாக வந்த மாற்று ஆட்டக்காரி அந்தப் பத்து நிமிடத்தில் திணறிப் போனாள். நீ திரும்பி ஓடி வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நானும் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் மரியாதையான காரணம் எதுவும் இல்லை.

தோற்ற பிறகு என் மேல் வந்த கோபத்தை உன் மேல் எழுதினேன். 'அவசரக்காரி' அப்படி வந்த வார்த்தை.

உனக்கு நினைவில்லாததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ திரும்பி வந்த மூன்றாவது நிமிடம், பந்துக்காக இரண்டு அணியும் எதிரெதிரே வரிசை கட்டின. நீ போய் அவர்கள் வரிசையில் நின்றாய். எதிரணியின் ஒன்பதாம் எண், நான் உனக்குப் பதில் எடுத்தேனே அவள், முதலில் சிரித்தாள். விளையாடுகிறாய் என்று நினைத்திருப்பாள். பிறகு உன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கையால் உன் தோளைப் பிடித்து நிறுத்தினாள், இன்னொரு கையை நடுவரைப் பார்த்து உயர்த்தினாள். "இவளுக்குச் சரியில்லை, நிறுத்துங்கள்" என்று கத்தினாள். வேலி வரைக்கும் கேட்டது. நேரத்தைக் கடத்துகிறாள் என்று நினைத்து நடுவர் கையை அசைத்து ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார். அவள் உன்னைத் திருப்பி நம் பக்கமாகத் தள்ளிவிட்டு, போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மைதானத்தில் முப்பது பேர், பெஞ்சில் இரண்டு டாக்டர்கள், மூன்று நடுவர்கள், வரிசையாக நாங்கள். கை தூக்கியவள் அவள் ஒருத்திதான். உன்னைத் தோற்கடித்தால் இறுதிப் போட்டிக்குப் போகப் போகிறவள்.

அவளை நான் எடுத்தது பாஸ் வேகத்துக்காக இல்லை. இதற்காக. ஆனால் இதை எழுதினால் உனக்கு அடிபட்டதை எழுத வேண்டும். பார்த்தும் நான் உட்கார்ந்திருந்ததை எழுத வேண்டும். அதனால் பாஸ் வேகம் என்று எழுதிவிட்டேன்.

நடந்ததை எழுதி ஆசிரியரிடம் கொடுக்கப் போகிறேன்.

அக்கா


27 அக்டோபர்

எழுதித்தான் பார்.

நீ எழுதினால் மறுநாள் அந்த கிளப் என்னைக் கைகழுவும். ரக்பி சங்கம் தலைமுழுகும். டெப்போ மேலாளர் சாவியை வாங்கிக்கொள்வார். நீயோ 'உண்மையை எழுதிய நிருபர்' என்று மாலை போட்டுக்கொண்டு நிற்பாய். என் தலையில் விழுந்த அடியில் உனக்குப் பேர்.

நீ எடுத்த ஆள் சரி. எழுதின காரணம் பொய். உன் பட்டியல் முழுக்க அப்படித்தானா? அந்த நெட்டைக்கும் ஏதாவது உள்காரணம் உண்டா?

எதிரணிக்காரி என் தோளைப் பிடித்தாள் என்கிறாய். எனக்குத் தோளில் ஒன்றும் நினைவில்லை. என் வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டத்தை நீதான் பார்த்திருக்கிறாய், நான் பார்க்கவில்லை. அதை நினைத்தால் உன்னை அறையத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு எதுவும் தெரியக் கூடாது. அவள் உன் பட்டியலைக் கத்தரித்து வைத்திருக்கிறாள். உன்மேல் உள்ள பெருமையில் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டி, "பதினஞ்சு பேரு இருக்காங்க, கூடப் பொறந்தவ மட்டும் இல்ல, இவ எல்லாம் ஒரு அக்காவா?" என்று கேட்கிறாள். கேட்கட்டும்.

எழுதினால் நீ எனக்கு அக்கா இல்லை. இதை அவசரத்தில் எழுதவில்லை.


1 நவம்பர்

தங்கைக்கு,

எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை. மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. நீ சொல்லாமல் கொடுக்க மாட்டேன். சொல்லாவிட்டால் எவ்வளவு நாள் பொறுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் பஸ் ஓட்டாதே. உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் உனக்கு இன்னும் கோபம் வரும், தெரியும். காய்ச்சல் என்று சொல்லி லீவு போடு. பொய் சொல்வதில் நம் வீட்டில் யாருக்கும் குறை இல்லையே.

அக்கா


8 நவம்பர்

அக்கா,

லீவு போடவில்லை. நீ சொல்லிவிட்டாய் என்பதற்காகவே போடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால். நாலு வருடமாக ஓட்டுகிற அதே தடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆபீஸ்காரர்கள், நிற்க இடமில்லை. பெரிய நாற்சந்தியில் சிக்னல் பச்சை ஆனது. நான் நகரவில்லை. பின்னால் ஹாரன். நடத்துனர் விசில் அடித்தார். அப்புறம் அவரே முன்னால் வந்து, "என்ன பாத்துட்டு இருக்க? லெஃப்ட்டு போ" என்றார்.

நான் கேட்டேன்: "எந்த லெஃப்ட்டு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. நீ எழுதினாயே, எதிரணிக்காரி முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள் என்று. அதேதான். எனக்கு அந்தச் சாலை தெரிந்தது, அந்தக் கடைகள் தெரிந்தன, ஆனால் பஸ் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் சுத்தமாகத் துடைத்த மாதிரி இல்லை. கைப்பிரேக்கை இழுத்தேன். இஞ்சினை அணைத்தேன். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி நடைபாதையில் உட்கார்ந்தேன்.

ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தினான்: "அவசரக்காரி இன்னிக்கு ஏன் குந்திட்டா?" நடத்துனர் அவனைப் பார்த்து, "மூடுறா வாய" என்றார். அன்றைக்குச் சிரித்த அதே நடத்துனர்.

யாருக்கும் அடிபடவில்லை. முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பச்சை விழுந்ததும் பழக்கத்தில் நான் நகர்ந்திருந்தால்? எதிரே லாரி வந்திருந்தால்? உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் ஐம்பத்து மூன்று பேர். அவர்களை வைத்து நான் ஆகஸ்ட் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், தண்ணீர் கொடுத்தார். டாக்டரிடம் போனேன், அணி டாக்டர் இல்லை, வேறு ஒருவர். ஒரு மணி நேரம் சோதித்தார். ஆறு மாதம் விளையாட்டு இல்லை, பஸ் இல்லை. அதற்குப் பிறகும் விளையாடலாமா என்று அப்போது பார்த்துத்தான் சொல்வாராம். கிளப்புக்கு நானே எழுதிவிட்டேன். உன் வாயால் தெரிவதற்கு முன்னால் என் கையால் தெரியட்டும் என்று.

இப்போது எழுது. ஆனால் என்னைப் பாவம் என்று எழுதினால் கொன்றுவிடுவேன். நான் ஏமாற்றினேன் என்று எழுது. வித்தையை எங்கே கற்றேன் என்று எழுது. வேலி எவ்வளவு உயரம், நீ எங்கே உட்கார்ந்திருந்தாய், எல்லாம் எழுது. அந்த அணி டாக்டர் என் கண்ணைக்கூடப் பார்க்காமல் பத்து நிமிடக் கணக்கு முடிந்ததும் "போ" என்றார் என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது, அதையும் எழுது. பட்டியலை மாற்றாதே. ஒன்பதில் அவளே இருக்கட்டும். காரணத்தை மாற்று.

'அவசரக்காரி'யை அந்த இடத்திலேயே, அதே அளவு எழுத்தில் திரும்பப் பெறு.


22 நவம்பர்

தங்கைக்கு,

இத்துடன் கட்டுரையை வெட்டி அனுப்பியிருக்கிறேன். அதே பக்கம், அதே அளவு எழுத்து. எழுத்து நீந்தினால் அம்மாவைப் படிக்கச் சொல். அம்மாவுக்கு நானே நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரையும் பெத்ததுக்கு நானே அந்த வேலியத் தாண்டியிருக்கணும்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆசிரியர் முதலில் மறுத்தார். "உன்னைப் பத்தின பத்திய மட்டும் எடுத்துடலாமே, கட்டுரை நல்லாருக்கு" என்றார். அந்தப் பத்தி இல்லாவிட்டால் கட்டுரை இல்லை என்றேன். வெளிவந்த மறுநாள் சங்கம் என் அனுமதி அட்டையைத் திரும்பக் கேட்டது. இனி அவர்கள் மைதானங்களுக்குள் நான் நுழைய முடியாது. இதை எனக்கு மாலை என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

அணி டாக்டர், 'விதிப்படி சோதித்தேன், தேறினார்' என்று அறிக்கை விட்டிருக்கிறார். படித்துவிட்டு மேசையில் இருந்த டீயைக் கொட்டினேன். தவறி இல்லை.

உன் அணியிலிருந்து யாரோ மூன்று பேர் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் அதே ஆகஸ்டை விட்டவர்களாம். ஒருத்தி மார்ச்சை விட்டாளாம்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. தலைவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் சொல், போதும்.

அக்கா


6 டிசம்பர்

அக்கா,

தலைவலி காலையில் இல்லை, மாலையில் இருக்கிறது. டெப்போவில் நேர அட்டவணை எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் எழுதினால் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். மேலாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார். கிளப்பிலிருந்து ஒரு வரி வந்தது, வருந்துகிறார்களாம். அதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். இதை நீ எங்கேயும் எழுதக் கூடாது.

நீ எழுதியதை அம்மா படித்துக் காட்டினாள். வேலி வருகிற இடத்தில் நிறுத்திவிட்டாள். நான்தான் "படி, முழுசும் படி" என்றேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அதுவே எனக்கு எரிச்சல். அன்றைக்கு வாயால் சொல்லியிருந்தால் ஆறு வார்த்தைதான் ஆகியிருக்கும்.

சங்கம் விசாரணை வைத்திருக்கிறது. பதினேழாம் தேதி காலை பத்தரை. நான், அந்த மூன்று பேர், அணி டாக்டர். உன்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பதாகக் கடிதத்தில் போட்டிருக்கிறது. மைதானத்துக்குள்தான் உனக்கு அனுமதி இல்லை, விசாரணைக்கு உண்டாம். டாக்டர் என் முகத்தைப் பார்த்து "தேறினார்" என்று சொல்லட்டும், கேட்கிறேன். நடுவரையும் வரச் சொல்லி எழுதியிருக்கிறேன். எதிரணியின் ஒன்பதுக்கும் அவள் அணி மூலமாக ஒரு கடிதம் போட்டேன். என்ன எழுதினேன் என்பது உனக்கு வேண்டாம்.

நான் தனியாக எங்கேயும் போகக் கூடாது என்று என்னைச் சோதித்த டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அவள் சங்கத் தலைவரைச் செருப்பால் அடித்துவிடுவாள், பிறகு விசாரணை வேறு மாதிரி போய்விடும். வேறு ஆள் இல்லை. ஆகவே நீ வா. காலை ஒன்பது மணிக்கு முன்னால் வீட்டு வாசலில் நில், மேலே ஏறி வராதே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. போகும் வழியில் பேச்சு கூடாது. பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு. பக்கத்தில் நீ உட்கார்ந்துகொள்ளலாம். இறங்க வேண்டிய இடம் எனக்குத் தெரியாமல் போனால் மட்டும் வாயைத் திற.

தங்கை